பழைய செட்டோடு அம்ப் பூட்டுவதா, செட்டையே மாற்றுவதா? திருகோணமலைக் கார்களுக்கான ஓர் ஒப்பீடு

2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறக்கப்படும் வரை, திருகோணமலையில் கார் வைத்திருப்பவர்கள் இருப்பதைப் பேணிக்கொண்டே காலத்தைக் கடத்தினார்கள். வழி திறந்த பின்னரும் புதிய காரின் விலை சாதாரண உத்தியோகத்தரின் கைக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே தடைக்கு முன் ஜப்பானிலிருந்து வந்திறங்கிய அக்வா, விட்ஸ், எக்சியோ, வேகன் ஆர் போன்ற கார்களே உவர்மலையிலும் உப்புவெளியிலும் கிண்ணியாவிலும் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் என்ஜினும் டயரும் இருக்கை உறையும் காலத்துக்குக் காலம் கவனிக்கப்படுகின்றன. பாட்டு மட்டும் தொழிற்சாலையில் பூட்டிய அதே மெலிந்த ஸ்பீக்கரிலிருந்து, தவிலின் அடி இல்லாமல் அதன் தட்டலை மட்டும் தந்தபடி வருகிறது. இதைத் திருத்த நினைப்பவர் ஸ்பீக்கரை மட்டும் மாற்றலாம், டாஷ்போர்டில் இருக்கும் பழைய செட்டுக்குப் பின்னால், ஒலியின் வலுவைப் பெருக்கும் அம்பிளிஃபயர் (அம்ப்) ஒன்றைச் சேர்க்கலாம், செட்டையே கழற்றிவிட்டு அன்ட்ரொய்ட் பிளேயர் பூட்டலாம், ஒலியை எண்முறையில் திருத்தி அமைக்கும் டிஎஸ்பி கொண்ட அம்ப் வாங்கலாம், இருக்கையின் கீழ், தாழ்ந்த சுருதிக்கென்றே உள்ள ஒரு சப்வூஃபரை வைத்துவிட்டு அத்துடன் நிறுத்திக்கொள்ளவும் செய்யலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களுக்கு, முன்கதவுகளைத் திருத்தி நல்ல ஸ்பீக்கர் பூட்டுவதே முதல் வேலை. இருக்கிற செட்டோடு, நான்கு ஸ்பீக்கர்களைத் தனித்தனியாக ஓட்டும் சிறிய நான்கு சனல் அம்ப் ஒன்றைச் சேர்ப்பது இரண்டாவது. செட்டை மாற்றுவது, அது திறவெண் கேட்டுப் பூட்டுப்பட்டுப் பயனற்றுக் கிடந்தாலன்றி, கடைசிக்குத் தள்ளப்பட வேண்டியது. கடைகளில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறான வரிசையே சொல்லப்படுகிறது என்பதால், காரணங்களைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

செட்டின் முகப்பிலோ பெட்டியிலோ 45 வாட் அல்லது 50 வாட் வீதம் நான்கு சனல் என்று எழுதியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். காரின் செட்டுக்குள் இருக்கும் அம்ப் சிப், பற்றரியின் வோல்டேஜை உயர்த்தாமல் அப்படியே பயன்படுத்துகிறது. ஓடும் என்ஜினில் அது 14.4 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதையாத அலையாகக் கிடைக்கக்கூடிய உச்ச வலு, கணக்குப்படி 26 வாட்டைத் தாண்டாது. சிப்புக்குள் ஏற்படும் இழப்பைக் கழித்தால் சுத்தமான ஒலி 15 முதல் 20 வாட் வரையில்தான் நிற்கும். பல செட்டுகளில் பயன்படும் டிடிஏ7388 என்ற சிப்பையே எடுத்துக்கொள்ளலாம். அதன் தரவுத்தாளில் 45 வாட் என்ற எண் முதலில் நிற்கிறது. அதே தாளில், 13.2 வோல்ட்டில் 10 வீதச் சிதைவோடு 22 வாட் என்றும் இருக்கிறது. பத்து வீதச் சிதைவு என்பது காதுக்குத் தெளிவாகத் தெரியும் கரகரப்பு. ஆகவே 50 வாட் செட்டில் இருந்து 45 வாட் அம்புக்குப் போவது பின்னோக்கிய நடை என்று நினைப்பவர்கள், உண்மையில் 18 வாட்டில் இருந்து 45 வாட்டுக்குப் போகிறார்கள்.

இருப்பினும் இந்த வேறுபாட்டால் ஒலி இரண்டரை மடங்கு உரத்துக் கேட்கும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார். வலு இரட்டித்தால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரு மடங்கு உரப்பாகத் தோன்றச் சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வலு, வேண்டும். 18 வாட்டுக்கும் 45 வாட்டுக்கும் இடையில் இருப்பது 4 டெசிபல் மட்டுமே. அம்பின் உண்மையான பயன் வேறிடத்தில் இருக்கிறது. கந்தளாய் தாண்டி ஹபரணை நோக்கி, கண்ணாடிகளை மூடி ஏசியைப் போட்டுக்கொண்டு மணிக்கு எண்பது கிலோமீற்றரில் போகும்போது, டயரும் காற்றும் எழுப்பும் இரைச்சலில் பெரும்பகுதி தாழ்ந்த சுருதியிலேயே இருக்கிறது. அது பாடகரின் குரலை அவ்வளவாக மறைப்பதில்லை. பேஸ் கிற்றாரையும் தவிலின் தொப்பிப் பக்கத்தையும் விழுங்கிவிடுகிறது. உடனே நாம் செட்டில் பேஸை, அதாவது தாழ்ந்த சுருதியை, கூட்டுகிறோம். பேஸை 6 டெசிபல் கூட்டினால் அந்தப் பகுதிக்கு நான்கு மடங்கு வலு தேவைப்படும். 18 வாட் செட்டிடம் அது இல்லாததால், அலையின் தலை வெட்டுப்பட்டு, குரல், வயலின், தாளம் அனைத்தும் சேர்ந்தே கரகரக்கின்றன. அம்ப் இருந்தால் அதே உரப்பில் இந்த வெட்டு நிகழாது. நீண்ட பயணத்தில் தலை வலிக்காமல் கேட்க முடிவது இதனால்தான். அம்புக்குக் காசு கொடுப்பதானால் இதற்காகக் கொடுக்கலாம்.

இனி, ஸ்பீக்கரை மட்டும் மாற்றும் வழி. அக்வா அல்லது விட்ஸின் முன்கதவு உள்தட்டைக் கழற்றிப் பார்த்தால் நிலைமை விளங்கும். கறுப்புப் பசையால் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று, அதன் பின்னால் உள்ளங்கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள் கொண்ட தகடு, அந்தத் தகட்டில் ரிவெட் அடித்த பிளாஸ்டிக் வளையத்துக்குள் காகிதக் கூம்பும் சிறிய காந்தமும் கொண்ட ஸ்பீக்கர். விரலால் வெளித்தகட்டைத் தட்டினால் தகரப் பேணியைப் போலக் கணகணக்கும். கூம்பு முன்னே தள்ளும் காற்று, தகட்டின் ஓட்டைகள் வழியே பின்பக்கமிருந்து வரும் எதிர்க்காற்றோடு கலந்து தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. பேஸ் இல்லாமற் போவதன் முதற்காரணம் வாட் குறைவு அல்ல, இந்த ஓட்டைகள்தான். வெளித்தகட்டின் உட்புறத்தில், அதிர்வைத் தணிக்கும் பியூட்டைல் ரப்பர்த் தாளை ஒட்டி, உள்தகட்டின் ஓட்டைகளை அடைத்து, ஸ்பீக்கரின் ஓரத்தில் காற்றுப் புகாதபடி நுரைப்பட்டி வைத்துவிட்டால், பழைய ஸ்பீக்கரே வேறொன்றைப் போலப் பேசத் தொடங்கும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் நம் ஊருக்கென்றே சொல்லப்பட வேண்டியவை. கூரை ஒழுக்கை அடைக்கும் பிட்டுமன் பட்டி மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதைக் கதவில் ஒட்டக் கூடாது. ஆடி மாதத்துக் கச்சான் காற்றில், நிழலில்லாத இடத்தில் நாள் முழுக்க நிற்கும் காரின் கதவுத் தகடு கையை வைக்க முடியாதபடி சுடும். பிட்டுமன் இளகி வழிந்து, தார் மணம் உள்ளே தங்கிவிடும். மற்றது, வாடைக்கால மழையில் கண்ணாடியோரமாக உள்ளிறங்கும் நீர் வெளியேறுவதற்காகக் கதவின் அடியில் சிறு துளைகள் விடப்பட்டிருக்கின்றன. தணிப்புத் தாள் அவற்றை மூடிவிட்டால் நீர் கதவுக்குள் தேங்கி, உப்புக் காற்றோடு சேர்ந்து தகட்டை உள்ளிருந்தே அரித்துவிடும். வேலை முடிந்ததும் ஒரு குவளைத் தண்ணீரைக் கண்ணாடிப் பட்டியோரம் ஊற்றி, அது அடியால் வடிகிறதா என்று பார்த்த பிறகே உள்தட்டைப் பூட்டச் சொல்லுங்கள்.

புதிய ஸ்பீக்கர் வாங்கும்போது அதன் பெட்டியில் உள்ள வாட் எண்ணைவிட உணர்திறனைக் கவனிக்க வேண்டும். ஒரு வாட்டுக்கு ஒரு மீற்றரில் 91 டெசிபல் தரும் ஸ்பீக்கர், 88 டெசிபல் தரும் ஸ்பீக்கரைவிடப் பாதி வலுவில் அதே உரப்பைத் தரும். அம்ப் இல்லாமல் செட்டிலேயே ஓட்டப்போகிறவருக்கு இது மிகப் பெரிய வேறுபாடு. மாறாக, கனத்த ரப்பர் விளிம்பும் 86 டெசிபல் உணர்திறனும் கொண்ட விலையுயர்ந்த ஸ்பீக்கரை வாங்கிச் செட்டில் நேராகப் பூட்டினால், முன்பிருந்த காகிதக் கூம்பைவிடக் குறைந்த உரப்பிலேயே பாடும். அதைக் கேட்டு ஸ்பீக்கர் சரியில்லை என்று முடிவு செய்பவர்கள் பலர். அது அம்பை எதிர்பார்த்துச் செய்யப்பட்ட ஸ்பீக்கர். ஜப்பானில் குறைந்த தரநிலையில் விற்கப்பட்ட சில கார்களில் பின்கதவு ஸ்பீக்கரே இல்லை. அதைக் குறையாக நினைத்துப் பின்னால் செலவு செய்ய வேண்டியதில்லை. அந்தக் காசும் முன்கதவுக்கே போகட்டும்.

பழைய செட்டை வைத்துக்கொண்டே அம்ப் சேர்க்கும் வழியைப் பார்ப்போம். உண்மையான 45 வாட் வீதம் நான்கு சனல் தரும் சிறிய டி வகுப்பு அம்புகள் பல வந்துள்ளன. பயனியரின் ஜிஎம்-டி1004, அல்பைனின் கேடிபி-445யூ போன்றவை இந்த வகையைச் சேர்ந்தவை. பழைய ஏபி வகுப்பு அம்ப், வாங்கும் மின்னில் ஏறக்குறையப் பாதியை வெப்பமாக்கிவிடும். டி வகுப்பு எண்பது வீதம் வரையில் ஒலியாக்குவதால் அளவிலும் சிறியது, சூட்டிலும் குறைந்தது. ஏற்கெனவே கொதிக்கும் கார்க்குள் வைக்கப்போகும் பொருளுக்கு இது பெரிய தகுதி என்பதால், நம் வெயிலுக்கு டி வகுப்பைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த அம்புகள் ஸ்பீக்கர் வயரிலிருந்தே ஒலியை எடுத்துக்கொள்ளும். செட்டின் ஒவ்வொரு ஸ்பீக்கர் வயரிலும் பற்றரி வோல்டேஜில் பாதி, அதாவது சுமார் 6 வோல்ட், எப்போதும் நின்றுகொண்டிருக்கும். அதை உணர்ந்து தானாகவே இயங்கத் தொடங்கும் அம்ப்களும் உள்ளன. இதே காரணத்தால் அந்த வயர்களில் ஒன்றையும் காரின் பாடியில் தொடுத்துவிடக் கூடாது, தொடுத்தால் செட்டின் சிப் கருகிவிடும். டொயோட்டாவில் 10 ஊசியும் 6 ஊசியுமான இரு பிளக்குகளும், சுசுகியில் 20 ஊசிப் பிளக்கும் செட்டின் பின்னால் வருகின்றன. இவற்றுக்குப் பொருந்தும் இடைவயர்த் தொகுதி கிடைப்பதால், காரின் வயரை வெட்டாமலே வேலையை முடிக்கலாம். வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றுவதுதான் எளிது என்று சொல்லும் இடத்தில் காரை விடாதீர்கள். உப்புக் காற்றில் அந்த முறுக்குகள் பச்சை பூத்து, ஒரு பக்க ஒலி வருவதும் போவதுமாக இருக்கும். பழுது எங்கே என்று தேடவே பிறகு டாஷ்போர்டை மறுபடி கழற்ற வேண்டிவரும்.

மின்னைப் பற்றிய கணக்கு எளியது. நான்கு சனலிலும் 45 வாட் என்றால் 180 வாட். எண்பது வீதத் திறனில் பற்றரியிலிருந்து 225 வாட், ஓடும் வோல்டேஜில் 16 அம்பியர். இது இடைவிடாத உச்சம். பாட்டு அப்படி ஓடுவதில்லை என்பதால் சராசரி இதில் சிறு பங்குதான். 8 கேஜ் செம்பு வயரும், பற்றரியிலிருந்து ஒரு முழத்துக்குள் 25 அம்பியர் ஃபியூஸும் போதும். பெரிய பற்றரி, கப்பாசிட்டர் எதுவும் இந்த அளவுக்குத் தேவையில்லை. ஃபியூஸ் காப்பது அம்பை அல்ல, வயரை. அம்பிலேயே ஃபியூஸ் இருக்கிறது என்று சொல்லிப் பற்றரிப் பக்க ஃபியூஸை விட்டுவிட்டால், இடையில் எங்காவது வயர் உரசிப் பாடியைத் தொடும் நாளில் தீப்பிடிக்கும்.

அக்வாவில் 12 வோல்ட் பற்றரி பின் இருக்கையின் கீழ் இருக்கிறது. அதனால் என்ஜின் பக்கச் சுவரைத் துளைத்து வயர் இழுக்கும் தொல்லை இல்லை; அம்பை அதன் அருகிலேயே வைக்கலாம். அங்கே செம்மஞ்சள் உறையிட்ட வயர்கள் கண்ணில் பட்டால் அவை உயர் வோல்டேஜுக்குரியவை, அவற்றின் பக்கமே போகக் கூடாது. ஹைபிரிட் கார்களில் கவனிக்க வேண்டிய மற்றொன்று, மீற்றரில் ரெடி என்று எரியும்போது மட்டுமே அந்தச் சிறிய பற்றரி சார்ஜ் ஆகும் என்பது. நிலாவெளிக் கரையில் காரை நிறுத்தி, ரெடிக்குக் கொண்டுவராமல் வெறுமனே பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால், அம்பும் சேர்ந்து பற்றரியை இறக்கிவிடும். 12 வோல்ட் இறங்கினால் பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் கார் ரெடியாகாது. வேகன் ஆரில் நிலைமை வேறு. எனர்ஜி சார்ஜ் முறை கொண்டவற்றில் முன் பயணி இருக்கையின் கீழ் லிதியம் பற்றரி ஏற்கெனவே இடம் பிடித்திருப்பதால், எல்லாக் கார்களிலும் வசதியாக அமையும் அந்த இடம் அங்கே கிடைக்காது. மற்றக் கார்களில் இருக்கையின் கீழ் வைப்பதானாலும், தரைவிரிப்பின்மேல் நேராக வைக்காமல் சிறு தாங்கியில் உயர்த்தி வைக்க வேண்டும். ஏசியின் வடிகுழாய் அடைபட்டால் தண்ணீர் வந்து நிற்பது முன் பயணியின் காலடியில்தான்.

இந்த வழியின் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். செட்டின் சிப்பைத் தாண்டி வந்த ஒலியையே அம்ப் பெருக்குவதால், செட்டை உச்சத்தில் வைத்தால் அங்கே வெட்டுப்பட்ட அலையும் சேர்ந்து பெருகும். செட்டின் ஒலியளவை முக்கால் பங்குக்கு மேல் கூட்டாமல், தேவையான உரப்பை அம்பிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி அமைத்தால் இந்தக் குறை பெரும்பாலும் மறைந்துவிடும். ஒலியளவைக் கூட்டக் கூட்டத் தானாகவே பேஸைக் குறைக்கும் செட்டுகளும் உண்டு. தொழிற்சாலையிலேயே தனி அம்ப் பூட்டி வந்த உயர்தரக் கார்களில் இந்த விளையாட்டு அதிகம். அவற்றுக்கு டிஎஸ்பி இல்லாமல் சரியான தீர்வு அமைவது கடினம்.

செட்டை மாற்றுவதற்கு வருவோம். இதற்கு நம்மிடையே வலுவான காரணங்கள் உண்டு, ஆனால் அவற்றில் பல ஒலித்தரத்தோடு தொடர்பில்லாதவை. ஜப்பானிய வானொலி 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி, பழைய செட்டுகளில் 90இல் முடிந்துவிடும். நமது எஃப்எம் அலைவரிசைகள் 108 வரை பரந்திருக்கின்றன. அலைவரிசை மாற்றி ஒன்றை அன்ரனா வயரில் இடையில் பூட்டினால் சக்தி எஃப்எம்மையும் சூரியன் எஃப்எம்மையும் பிடிக்கலாம் என்றாலும், திரையில் தெரியும் எண் உண்மை எண்ணாக இருக்காது, எல்லா நிலையங்களும் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. டொயோட்டாவின் என்எஸ்இசட்டி வகைச் செட்டுகளில் இதைவிடப் பெரிய தொல்லை இருக்கிறது: பற்றரியைக் கழற்றிப் பூட்டியதும் செட் பூட்டுப்பட்டு, திறவெண் கேட்கும், வரைபட அட்டை தொலைந்திருந்தால் அதற்கும் தனிப் பாடு. அம்ப் பூட்டும் வேலைக்கே பற்றரியைக் கழற்ற வேண்டும் என்பதால், இத்தகைய செட் உள்ளவர்கள் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே திறவெண்ணைத் தேடி வைத்துக்கொள்வது அவசியம்.

ஏற்கெனவே பூட்டுப்பட்டுக் கிடக்கும் செட்டைக் கட்டிக்கொண்டு அழுவதில் பொருளில்லை, மாற்றிவிடலாம். ஆனால் பெரிய திரை, யூடியூப், பின்பக்கக் கமெரா என்பவற்றுக்காக மாற்றுகிறவர், பாட்டும் அத்தோடு சேர்ந்து திருந்திவிடும் என்று எண்ணக் கூடாது. மலிவான அன்ட்ரொய்ட் பிளேயரின் உள்ளேயும் மேலே சொன்ன அதே இன சிப்தான். சிலவற்றில் அதைவிட மெலிந்தது. பின்னால் ஆர்சிஏ வெளியீடு, அதாவது உள்சிப்பைத் தாண்டாமல் ஒலியை வெளியே எடுக்கும் துளை, இருப்பது நல்லதுதான், அம்புக்கு வெட்டுப்படாத ஒலியைத் தரும். அதன் வோல்டேஜ் மிகக் குறைவாக இருந்தால் அம்பின் கெயினை (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவை) ஏற்ற வேண்டிவந்து, இரைச்சலும் கூட ஏறும். டொயோட்டாவின் 200 மில்லிமீற்றர் அகல வாய்க்குப் பொருந்தும் சட்டம், ஸ்டியரிங் பொத்தான்கள் வேலை செய்ய வேண்டிய இணைப்பு, வெயிலில் சூடேறினால் திரை உறைந்துபோவது ஆகியவற்றையும் சேர்த்தே எண்ண வேண்டும். கொழும்புக் கடையில் வாங்கிப் பூட்டிய பிளேயர் இரண்டு மாதத்தில் நின்றுவிட்டால், ஏறத்தாழ 260 கிலோமீற்றர் மறுபடி போய்வர வேண்டியவர்கள் நாம். பழுதடைய வாய்ப்புள்ள பாகங்கள் குறைந்த வழியே தூரத்து ஊர்க்காரருக்கு ஏற்ற வழி என்பது என் உறுதியான கருத்து.

டிஎஸ்பி அம்ப், ஒலித்தரம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால், இவை அனைத்திலும் மேலானது. வலப்பக்கம் அமர்ந்து ஓட்டும் நமக்கு வலக்கதவு ஸ்பீக்கர் கிட்டவும் இடக்கதவு ஸ்பீக்கர் எட்டவும் இருக்கின்றன. தூரத்தில் 60 சென்ரிமீற்றர் வேறுபாடு இருந்தால், ஒலி ஒரு மில்லிசெக்கனில் 34 சென்ரிமீற்றர் போவதால், வலப்பக்க ஒலி ஏறத்தாழ 1.75 மில்லிசெக்கன் முந்தி வந்துவிடும். பாடகர் நம் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் நின்று பாடுவதாகத் தோன்றுவது இதனால்தான். டிஎஸ்பி வலப்பக்கத்தை அந்தளவு தாமதப்படுத்தி, குரலை டாஷ்போர்டின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தும். இதை முதன்முறை கேட்பவருக்கு வாட் பற்றிய கவலையெல்லாம் மறந்துபோகும். ஆனால் மைக்ரோஃபோனும் மடிக்கணினியும் வைத்துப் பொறுமையாக அளந்து அமைக்காவிட்டால், டிஎஸ்பி வெறும் விலை கூடிய அம்ப் மட்டுமே. அமைக்கத் தெரிந்தவர் அருகில் இருந்தால், அல்லது தானே கற்றுச் செய்யும் ஆர்வம் இருந்தால், இதை வாங்குங்கள். இரண்டும் இல்லாவிட்டால் வேண்டாம்.

இருக்கையின் கீழ் வைக்கும், உள்ளேயே அம்ப் கொண்ட மெல்லிய சப்வூஃபரைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. அது முன்கதவு ஸ்பீக்கரின் தோளிலிருந்து பேஸ் பாரத்தை இறக்கிவிடுவதால் செட்டின் 18 வாட்டும் குரலுக்கே போதுமானதாகிவிடும். கதவைக் கழற்ற விரும்பாதவருக்கு நியாயமான குறுக்குவழி. டிக்கியை அடைக்கும் பெரிய சப்வூஃபர் பெட்டியும் அதற்கான ஒற்றைச் சனல் மோனோ அம்பும் குடும்பக் காருக்குத் தேவையே இல்லை.

எந்த அம்பை வாங்குவதானாலும் கடையில் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். “அண்ணா, இதில ரெண்டாயிரம் வாட் இருக்கு” என்று பெட்டியைத் தூக்கிக் காட்டும் தம்பியிடம், அந்த அம்பின் ஃபியூஸ் எத்தனை அம்பியர் என்று கேளுங்கள். இரண்டு 25 அம்பியர் ஃபியூஸ் என்றால் உள்ளே போகக்கூடியதே 50 அம்பியர், 14.4 வோல்ட்டில் 720 வாட். அதில் ஏபி வகுப்பு தரக்கூடியது சுமார் 430 வாட், டி வகுப்பு தரக்கூடியது 570 வாட் அளவு. உள்ளே போகாத வலு வெளியே வர முடியாது. 14.4 வோல்ட், 4 ஓம், ஒரு வீதச் சிதைவு என்ற நிபந்தனையில் அளக்கும் சிஇஏ-2006 நியமப்படி எண்ணைத் தரும் நிறுவனங்களின் பெட்டியில் சிறிய எண்ணே இருக்கும். நம்ப வேண்டியது அதைத்தான்.

வயரிலும் இதே கவனம் வேண்டும். அம்ப் வயர்க் கட்டு என்று விற்கப்படுவனவற்றில் பல, செம்பு முலாம் பூசிய அலுமினியம். ஒரு இழையை எடுத்து பிளேட்டால் சுரண்டிப் பாருங்கள்: வெளியே செம்பு நிறமும் உள்ளே வெள்ளையும் தெரிந்தால் அது அலுமினியம், வெளியே வெள்ளையும் உள்ளே செம்பு நிறமும் தெரிந்தால் வெள்ளீயம் பூசிய செம்பு. அலுமினிய வயர் ஒரே பருமனில் செம்பின் மூன்றில் இரண்டு பங்கு மின்னைத்தான் இலகுவாகக் கடத்தும் என்பதோடு, வெட்டிய முனையில் உப்புக் காற்று பட்டதும் வெண்மையாகப் பொடிந்துவிடும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வசிப்பவர்களுக்கு வெள்ளீயம் பூசிய செம்புக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீணாகாது. எர்த் வயர் பூட்டும் இடத்தில் பெயின்றைச் சுரண்டி வெறும் தகட்டில் இறுக்க வேண்டும். இறுக்கிய பின் அதன் மேல் கிறீஸ் அல்லது பெயின்ற் பூசி மூடாவிட்டால் ஒரு வாடைக்காலத்திலேயே துரு ஏறி, என்ஜினின் ஓட்டத்தோடு சேர்ந்து ஸ்பீக்கரில் ஊளைச் சத்தம் வரத் தொடங்கும்.

பூட்டி முடித்தபின் கெயினை அமைக்கும் விதம் அம்பின் விலையைவிட முக்கியமானது. கெயின் ஒலியளவுக் கட்டுப்பாடு அல்ல. செட்டின் வோல்டேஜையும் அம்பின் வோல்டேஜையும் பொருத்துவதற்கானது. ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றி, வடிகட்டியையும் பேஸ் கூட்டலையும் நிறுத்தி, 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைச் செட்டின் முக்கால் அளவில் ஓடவிட்டு, அம்பின் வெளியீட்டை மல்ரிமீற்றரில் ஏசி வோல்ட்டாக அளக்க வேண்டும். 45 வாட்டையும் 4 ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் 13.4 வோல்ட் வரும். கெயினை மெல்லக் கூட்டி அந்த எண்ணில் நிறுத்திவிட்டால் அம்ப் வெட்டும் எல்லைக்குப் போகாது. பிறகு ஸ்பீக்கரை இணைத்து, கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வராதபடி வடிகட்டியை இயக்குங்கள். கெயினை முழுவதும் திருப்பிவிட்டு “நல்லா அடிக்குது” என்று காரை ஒப்படைக்கும் வேலைத்தலங்களில்தான், உயர்சுருதிக்கான சிறிய ஸ்பீக்கர்களான ட்வீட்டர்கள் எரிகின்றன. வெட்டுப்பட்ட அலையில் பிறக்கும் உயர்சுருதி முழுவதும் போய்ச் சேருமிடம் அந்தச் சிறிய சுருள்.

நகருக்குள் வேலைக்குப் போய்வருவதோடு நின்றுவிடுகிறவருக்கு, கதவுத் திருத்தமும் உணர்திறன் கூடிய ஒரு சோடி ஸ்பீக்கரும் போதும். உட்துறைமுக வீதியின் வேகத்தில் 18 வாட் தாராளம். மாதத்துக்குச் சில தடவை கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ குடும்பத்தோடு ஓடுகிறவர் அதோடு சிறிய டி வகுப்பு அம்பையும் சேர்க்க வேண்டும். செட் பூட்டுப்பட்டுக் கிடப்பவர், பெயர் தெரிந்த நிறுவனத்தின் ஆர்சிஏ வெளியீடு உள்ள செட்டைப் பூட்டி, மிஞ்சும் காசைக் கதவில் போடட்டும். அம்ப் அடுத்த வருடத்துக்குக் காத்திருக்கலாம், அதற்கான வயரை மட்டும் டாஷ்போர்ட் திறந்திருக்கும்போதே இழுத்து வைத்துவிடுவது நல்லது. வாடகைக்கு ஓடும் ஹைஏஸ் வேன்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நீண்ட உடலில் பின்வரிசை வரை சமமாகக் கேட்க வேண்டியிருப்பதால், அங்கே பல சிறிய ஸ்பீக்கர்களைப் பரப்பி, நான்கு சனல் அம்பை முதலிலேயே வாங்குவதுதான் சரி.